நாய், பூனை குரூமிங்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்சென்னையில் சின்னக் கடை எங்களுடையது. ஒரு மேசை, ஒரு தொட்டி, ஒரு ப்ளோயர், நானும் உதவிக்கு ஒரு தம்பியும். 11 வருடமாக இதே வேலை. போனிலும் நேரிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எங்கள் கடைக்கு வந்தாலும் வராவிட்டாலும் படித்து வையுங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உதவும்.

குளிப்பாட்டுவதை வீட்டிலேயே செய்கிறோமே, குரூமிங் எதற்கு?

தாராளமாக வீட்டிலேயே குளிப்பாட்டுங்கள். குட்டை முடி நாய்க்குப் பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் குரூமிங்கில் குளியல் ஒரு பகுதிதான். நாய் வந்ததும் தண்ணீர் படுவதற்கு முன் முழு உடம்பையும் கையால் தடவிப் பார்ப்போம். காதுக்குள், அக்குளில், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில், தொப்புள் பக்கம் எல்லாம். அதன் பிறகு சீப்பு, சிக்கெடுப்பது, நகம், காது, குளியல், காயவைப்பது. கத்தரி எடுப்பது கடைசியில்தான்.

என்னைக் கேட்டால் அந்தத் தடவிப் பார்க்கிற பத்து நிமிடத்துக்காகவே நாயைக் கொண்டுவரலாம். ஒரு அம்மா தன்னுடைய 12 வயது ஷிட்சுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வயசாயிடுச்சு தம்பி, ஒரு காலைத் தூக்கித் தூக்கி நடக்குறான்" என்றார். முன்னங்காலில் தரையைத் தொடாத ஒரு விரல் உண்டு, கட்டைவிரல் மாதிரி. டியூ க்ளா என்போம். தரையில் உரசாததால் அந்த நகம் தேயாது. அவனுக்கு அது மோதிரம் போல வளைந்து வளர்ந்து, திரும்பி அவன் சதைக்குள்ளேயே இறங்கியிருந்தது. மேலே இரண்டு அங்குல முடி மூடியிருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் குளிப்பாட்டவே இல்லை, நேராக டாக்டரிடம் அனுப்பினோம். அடுத்த மாதம் கடைப் படியில் அவனே ஏறி வந்தான்.

வெயில் தாங்கவில்லை. மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமா?

ஏப்ரல் பிறந்ததும் ஒரு நாளைக்கு நான்கு பேராவது இதைக் கேட்பார்கள். கேட்பது அன்பினால்தான். ஆனால் எந்த நாய் என்று தெரியாமல் இதற்கு 'சரி' என்று சொல்லக்கூடாது.

லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி, பாமரேனியன் இவற்றுக்கெல்லாம் இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, சற்றே முரடான முடி. அடியில் பஞ்சு மாதிரி மென்மையான முடி. (நம் ஊரில் பாமரேனியன் என்று வளர்ப்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். அதற்கும் இதே கணக்குதான்.) நமக்கு வேர்ப்பது போல நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். அதனால் முடியை மழித்தால் காற்று பட்டு உடம்பு ஆறும் என்ற நம் கணக்கு அதற்குப் பொருந்தாது. மேல்முடி நேர்வெயில் தோலில் விழாமல் காக்கிறது. அதை எடுத்துவிட்டால் தோல் வெந்து போகும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மழித்த பிறகு அடிமுடி சீக்கிரம் வந்துவிடும், மேல்முடி நிதானமாகத்தான் வரும். சில நாய்களுக்கு மாதக்கணக்கில் வராது, சிலவற்றுக்குப் பழையபடி வரவே வராது. ஸ்பிட்ஸ், ஹஸ்கி வகைகளில் இது அதிகம். முதுகில் திட்டுத் திட்டாக, சாயம் போன கம்பளி மாதிரி ஆகிவிடும். வேறு இடத்தில் மழித்துவிட்டு, "முடி ஏன் வரலை அண்ணா?" என்று போட்டோ அனுப்புகிறவர்களுக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடிவதில்லை.

இந்த நாய்களுக்கு நாங்கள் செய்வது டீஷெட்டிங். குளிப்பாட்டி, வேகமான ப்ளோயரில் காற்றடித்து, உதிரத் தயாராக நிற்கிற அடிமுடியை ரேக் என்கிற சீப்பு வைத்து வாரி எடுத்துவிடுவோம். ஒரு ஜெர்மன் ஷெப்பர்டிலிருந்து ஒரு தலையணை உறை நிறைய வரும். அந்த அடைசல் போனாலே தோலுக்குக் காற்று கிடைத்துவிடும். வயிற்றுப் பக்கம், பாதம், பின்புறம் மட்டும் கொஞ்சம் ட்ரிம் செய்யலாம். ஒருவேளை டாக்டர் தோல் வைத்தியத்துக்காக மழிக்கச் சொல்லியிருந்தால் அது வேறு விஷயம், சீட்டைக் கொண்டுவாருங்கள்.

ஷிட்சு, லாசா, மால்டீஸ், பூடில் இவற்றுக்கு முடி நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும். இவற்றுக்கு வெயில் காலத்தில் குட்டையாக வெட்டுவது நல்லதுதான். அப்போதும் தோல் தெரிய வேண்டாம், விரல்கடை அளவாவது விட்டுவிடுவோம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை குளிப்பாட்ட வேண்டும்?

நல்ல தோலுள்ள நாய்க்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேய்த்துக் குளிப்பாட்டினால் தோலில் உள்ள எண்ணெய்ப் பசை போய்விடும், பொடுகும் அரிப்பும் வரும். நடந்துவிட்டு வந்தால் பாதத்தையும் வயிற்றையும் ஈரத்துணியால் துடைத்து, காயவையுங்கள்.

குளிப்பாட்டி நான்கே நாளில் மறுபடியும் நாறுகிறது என்றால் அது அழுக்கு நாற்றம் இல்லை. காது, பல், தோல், ஆசனவாய்ச் சுரப்பி என்று எங்கோ கோளாறு இருக்கிறது. அதற்கு வாசனை ஸ்ப்ரே அடித்து மறைக்க வேண்டாம்.

நாங்கள் போடுகிற ஷாம்பூவையே போடலாமா? சீயக்காய்? டெட்டால்?

நம் தோல் அமிலத்தன்மை உள்ளது, பிஎச் 5.5 பக்கம். நாய்த் தோல் அதைவிட நடுநிலைக்கு நெருக்கமானது. நமக்காகச் செய்த ஷாம்பூ ஒரு தடவை பட்டால் ஒன்றும் ஆகிவிடாது, தொடர்ந்து போட்டால் தோல் வறண்டு போகும். சீயக்காய்த் தூள் முடிக்குள் தங்கிக்கொள்ளும், கண்ணில் பட்டால் அதற்கு எரிச்சல் தாங்காது. பச்சைப் பயறு மாவும் அடர்ந்த முடியில் அலசினாலும் போகாது.

டெட்டால், பினாயில் வகைகள் வேண்டவே வேண்டாம். பூனைக்கு இவை விஷம். அதன் கல்லீரலால் இந்த வகை ரசாயனங்களைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. உடம்பில் பட்டதை அது நக்கியும் விடும். தரையை பினாயில் போட்டுத் துடைத்தால் நன்றாகக் காய்ந்த பிறகே பூனையை விடுங்கள்.

வாரத்தில் ஒருநாள் வாருகிறோம். அப்படியும் சிக்கு விழுகிறதே?

மேலாக வாருகிறீர்கள், அதுதான் காரணம். முதுகில் பிரஷ் ஓட்டினால் மேல்முடி பளபளவென்று இருக்கும், அடியில் தோலை ஒட்டி ஜமுக்காளம் மாதிரி சிக்கு படிந்திருக்கும். முடியை வகிடெடுத்து, தோல் கண்ணில் படும்படி பிரித்து, நுனியிலிருந்து தொடங்கி அடிவரை கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். முதலில் மெல்லிய கம்பிப் பற்கள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ், பிறகு இரும்புச் சீப்பு. இரும்புச் சீப்பு தடங்கலில்லாமல் அடியிலிருந்து நுனிவரை வந்தால்தான் அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம், தொடை இடுக்கு ஆகிய நான்கு இடங்களையும் தினமும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சிக்கோடு குளிப்பாட்டாதீர்கள். தண்ணீர் பட்டால் அது இறுகிவிடும். அடியில் ஈரம் தங்கி, ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டே நாளில் தோல் புண்ணாகும்.

கத்தரியால் வெட்டி எடுக்கவும் வேண்டாம். சிக்கு தோலைத் தூக்கிப் பிடித்திருக்கும், எது முடி எது தோல் என்று கண்ணுக்குத் தெரியாது. வீட்டில் கத்தரி வைத்துத் தோல் பிளந்த பூனைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

உடம்பு முழுக்கச் சிக்கு விழுந்துவிட்டால் ஒட்ட வெட்டுவது ஒன்றே வழி. "இவ்வளவு முடியும் போயிடுமா அண்ணா?" என்று குழந்தைகள் கண்கலங்கும்போது எங்களுக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று மணி நேரம் இழுத்து இழுத்துச் சிக்கெடுப்பது அந்த நாய்க்குச் சித்திரவதை. முடி வளர்ந்துவிடும்.

முடி மழிக்கிற கிளிப்பர் மெஷின் பட்டுக் காயம் ஆகுமா?

கவனம் தப்பினால் ஆகும். ஓட ஓட பிளேடு சூடாகும். நான் தொழில் கற்ற காலத்தில் ஒரு காக்கர் ஸ்பேனியலின் வயிற்றில் என் கையாலேயே சூடு பட்டிருக்கிறது. ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்துபோய், அவன் வீட்டுக்குப் போன பிறகும் நக்கிக்கொண்டே இருந்தான். அவர்களிடம் உண்மையைச் சொல்லி, மருந்துச் செலவை நான் கொடுத்தேன். அன்றிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடை என் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்காமல் அடுத்த இடத்துக்குப் போவதில்லை. நீங்கள் எங்கே போனாலும், காயம் பட்டால் மறைக்காமல் சொல்கிற ஆளிடம் போங்கள்.

பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளுமே?

செய்துகொள்ளும். பூனை நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருக்கின்றன, அவைதான் அதற்குச் சீப்பு. நாட்டுப் பூனைக்கு அதுவே போதும். வாரம் ஒருமுறை உதிர்முடியை வாரிவிட்டால் வயிற்றுக்குள் முடி போவது குறையும், முடி உருண்டையாக வாந்தி எடுப்பதும் குறையும்.

பெர்ஷியன் கதை வேறு. அந்த முடி இயற்கையாக வந்தது இல்லை, மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த முடி. அதன் நாக்கால் சமாளிக்க முடியாது. தினமும் நீங்கள் வாரியே ஆக வேண்டும். கண்ணோரம் வடிகிற நீரையும் தினமும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். இது முடியாது என்றால் குட்டி வாங்கும் முன்பே யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதுகின் பின்பகுதியில் மட்டும் சிக்கு விழுந்திருந்தால் பூனைக்கு எடை கூடியிருக்கலாம், அல்லது வயதாகி மூட்டுவலி வந்திருக்கலாம். திரும்பி அந்த இடத்தை எட்ட முடியவில்லை என்று பொருள். நன்றாக நக்கிக்கொண்டிருந்த பூனை திடீரென்று நிறுத்திவிட்டால் முதலில் டாக்டர், பிறகுதான் நாங்கள்.

பூனை கடிக்கும், பிறாண்டும். மயக்க ஊசி போட்டுச் செய்வீர்களா?

மாட்டோம். மயக்க மருந்து கொடுக்கும் வேலை கால்நடை மருத்துவருடையது. ரத்தப் பரிசோதனை செய்து, எடை பார்த்து, கூடவே இருந்து கவனிக்க வேண்டிய விஷயம். "ஒரு மாத்திரை கொடுத்துடுவோம் சார், தூங்கிடும்" என்று குரூமிங் கடையில் யாராவது சொன்னால் பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

நாங்கள் பூனைகளைக் காலை முதல் நேரத்தில், கடையில் நாய் இல்லாதபோது எடுக்கிறோம். துண்டில் சுற்றி, ஒரு நேரத்தில் ஒரு வேலை. காது மடங்கி, வால் அடிக்க ஆரம்பித்தால் இடைவேளை. வாயைத் திறந்து மூச்சுவிட்டால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். பூனைக்கு அது ஆபத்தின் அறிகுறி. பாதி வெட்டியபடி அனுப்பியதற்கு வருத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அப்போதும் நான் அதையேதான் செய்வேன்.

உண்ணி நிறைய இருக்கிறது. குளிப்பாட்டினால் போகுமா?

மேலே இருப்பது கொஞ்சம் போகும், பிரச்சினை போகாது. பெண் உண்ணி ரத்தம் குடித்து ஊதியதும் நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் வீட்டிலிருந்து திரும்ப ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நாய்க்கு மருந்து, படுக்கைக்கு வெந்நீர், சுவர் இடுக்குக்குச் சுத்தம் என்று மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். மெல்லும் மாத்திரை, பிடரியில் விடும் சொட்டு மருந்து என்று நல்லவை வந்துவிட்டன. எடைக்குத் தகுந்ததை டாக்டர் எழுதித் தருவார். வலிப்பு வந்த நாய் என்றால் மறக்காமல் சொல்லுங்கள், சில மாத்திரைகள் அதற்கு ஆகாது. சொட்டு மருந்து விட்டால் முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம்.

கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் கரைத்துத் தடவுவது, மண்ணெண்ணெய் தடவுவது இரண்டையும் இன்னும் செய்கிறார்கள். கற்பூரம் நாய்க்கும் பூனைக்கும் விஷம், நக்கினால் வலிப்பே வரலாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

கையால் நசுக்க வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல், சோர்ந்து, ஈறு வெளுத்திருந்தால் டிக் ஃபீவராக, அதாவது உண்ணிக் காய்ச்சலாக, இருக்கலாம். எர்லிக்கியா, பேபீசியா என்ற கிருமிகளை உண்ணிதான் கொண்டுவருகிறது. ஒருமுறை ஒரு லாப்ரடாருக்கு நகம் வெட்டும்போது சதையில் லேசாகப் பட்டது. சோள மாவு வைத்து அழுத்தினால் இரண்டு நிமிடத்தில் நிற்க வேண்டிய ரத்தம் கால் மணி நேரம் ஆகியும் கசிந்துகொண்டே இருந்தது. டாக்டரிடம் ஓடினோம். பரிசோதனையில் எர்லிக்கியா. ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. வீட்டில் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்ததாம்.

நகத்தை வீட்டில் வெட்டலாமா?

வெட்டலாம். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகிறது. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு முன்னால் நிறுத்துங்கள். கறுப்பு நகத்தில் தெரியாது, மெல்லிய சீவலாக வெட்டிக்கொண்டே வந்து, நடுவில் வட்டமாக நிறம் மாறியதும் விட்டுவிடுங்கள். ரத்தம் வந்தால் சோள மாவை வைத்து அழுத்துங்கள். ரொம்ப நீண்டுவிட்ட நகத்தை ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நுனியை மட்டும் எடுத்தால் உள்ளே இருக்கும் குழாயும் பின்வாங்கும்.

காதுக்குள் பட்ஸ் விடலாமா?

வேண்டாம். நாயின் காதுத் துவாரம் கீழே இறங்கிப் பிறகு உள்ளே திரும்பும். பட்ஸ் அழுக்கை அந்தத் திருப்பத்தில் கொண்டுபோய் அடைத்துவிடும். காது சுத்தம் செய்யும் திரவத்தை விட்டு, அடியில் மசாஜ் செய்து, தலையை உதறவிட்டு, வெளியே வந்ததைப் பஞ்சால் துடைத்தால் போதும். புளித்த மாவு வாடை அடித்தாலோ, தொட்டதும் தலையைச் சாய்த்தாலோ டாக்டரைப் பாருங்கள்.

பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறதே, பூச்சியா?

பூச்சியாகவும் இருக்கலாம். ஆசனவாயின் இரு பக்கமும் இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு, அவை அடைத்திருந்தாலும் இப்படித் தேய்க்கும். தொந்தரவு இல்லாத நாய்க்கு மாதாமாதம் அதைப் பிழிந்துவிடச் சொல்லாதீர்கள், வீணாகப் புண்ணாகும். வீங்கியிருந்தால் நாங்கள் தொடமாட்டோம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, தெருவிலிருந்து எடுத்த நாட்டு நாய்க்கெல்லாம் குரூமிங் உண்டா?

கத்தரி வேலை கிடையாது. ரப்பர் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்துவிடுங்கள், நகமும் காதும் பாருங்கள். ராஜபாளையத்துக்கு வெள்ளை முடிக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். உச்சி வெயிலில் கட்டிப்போடாதீர்கள். இந்த மண்ணின் வெயிலுக்குப் பழகிய உடம்பு இவை. பராமரிப்புக்கு நேரமில்லை, ஆனால் நாய் வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் இவற்றைத்தான் சொல்வேன்.

எந்த வயதில் முதல்முறை கொண்டுவரலாம்?

தடுப்பூசி வரிசை முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து வாருங்கள். பெரும்பாலும் நான்கு மாதம் ஆகியிருக்கும். அதற்கு முன் வீட்டில் தினமும் பாதத்தைப் பிடியுங்கள், காதைத் தொடுங்கள், சீப்பை வைத்து எடுங்கள், ஒரு துண்டு சிக்கன் கொடுங்கள். முதல்நாள் நாங்கள் முழு வேலையும் செய்வதில்லை. ப்ளோயர் சத்தம் கேட்டு, மேசையில் நின்று, நகம் வெட்டிக்கொண்டு போனால் போதும்.

நல்ல குரூமரை எப்படிக் கண்டுபிடிப்பது?

டாக்டர்களுக்கு இருக்கிற மாதிரிப் பதிவு முறை எங்கள் தொழிலுக்கு இல்லை. அதனால் நீங்கள்தான் கேட்க வேண்டும். எப்படிக் காயவைக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். கூண்டுக்குள் விட்டுச் சூட்டுக் காற்றைத் திறந்துவிட்டு ஆள் நகர்ந்துவிடும் இடங்களில் நாய்கள் வெப்பத்தில் இறந்திருக்கின்றன. பக், ஷிட்சு, பெர்ஷியன் மாதிரி அமுங்கிய மூக்குள்ளவற்றுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தடுப்பூசிச் சீட்டு கேட்கிறார்களா, ஒரு பிராணிக்கும் அடுத்ததற்கும் இடையில் பிளேடையும் சீப்பையும் கிருமிநாசினியில் போடுகிறார்களா, நீங்கள் எட்டிப் பார்க்கக் கண்ணாடியோ கேமராவோ இருக்கிறதா என்றும் பாருங்கள். படர்தாமரை ஒரு சீப்பில் ஒட்டிக்கொண்டு பத்து வீட்டுக்குப் போகும், குழந்தைகளுக்கும் வரும்.

கட்டணம் எவ்வளவு?

உருவம், முடி, சிக்கு, குணம் பார்த்துத்தான் சொல்ல முடியும். வாட்ஸ்அப்பில் இன்றைக்கு எடுத்த போட்டோ அனுப்புங்கள், போன வருடம் எடுத்தது வேண்டாம்.

எப்போது மறுப்பீர்கள்?

காய்ச்சல், வாந்தி, பேதி இருந்தால். வலிப்பு வந்து சில நாளே ஆகியிருந்தால். நிறைசினையாக இருந்தால். இதய நோயுள்ள, மிகவும் வயதான நாய் என்றால் டாக்டர் சம்மதித்த பிறகே, அதுவும் இரண்டு நாளாகப் பிரித்துச் செய்வோம். பல நாளாக ஆறாத தோல் நோய்க்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத்தான் சொல்லி அனுப்புகிறோம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

தடுப்பூசிச் சீட்டு. வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்து மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், தண்ணீர் கொடுக்கலாம். கடைக்குள் நுழையும் முன் ஒரு நடை நடத்திச் சிறுநீர் கழிக்கவிடுங்கள். பூனையைக் கையில் தூக்கி ஆட்டோவில் வர வேண்டாம், மூடிய கூடையில் கொண்டுவாருங்கள், மேலே உங்கள் பழைய புடவையோ சட்டையோ போடுங்கள். அந்த வாசனை இருந்தால் அது பாதி அமைதியாகிவிடும்.

உங்கள் வீட்டில் அதை என்ன செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். சீட்டில் 'ப்ரூனோ' என்று இருக்கும், வீட்டில் 'குட்டிப்பையா' என்று கூப்பிடுவார்கள். நான் ப்ரூனோ ப்ரூனோ என்றால் அவன் திரும்பியே பார்க்க மாட்டான்.